கான்பரா: மலைகளை விட்டுவைத்துப் பிரித்த ஊர்



திட்டமிட்டுக் கட்டிய தலைநகரம் என்றதும் நம்மில் பலருக்குச் சண்டிகர்தான் நினைவுக்கு வரும். 800 மீட்டருக்கு 1200 மீட்டர் என்று அளந்து, கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்த ஊர் அது. பதின்மூன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்த எண் 2020ஆம் ஆண்டில்தான் மணிமாஜ்ராவுக்குப் போய்ச் சேர்ந்தது. சண்டிகர்க்காரரிடம், "உங்கள் செக்டர் எங்கே முடிகிறது?" என்று கேட்டால் எதிரே இருக்கும் பெரிய சாலையைக் காட்டுவார்.

ஆஸ்திரேலியாவின் கான்பராவில் இதே கேள்வியைக் கேட்டால் ஒரு மலையைக் காட்டுவார்கள். வோடன் வட்டாரம் எங்கே முடிந்து டகரனாங் எங்கே தொடங்குகிறது? நடுவில் டெய்லர் மலை நிற்கிறது. நகர மையத்துக்கும் பெல்கானனுக்கும் நடுவில் பிளாக் மலையும் அதன் தொடர்ச்சியான மேடும் கிடக்கின்றன. ஒரு வட்டாரத்தை விட்டு வெளியேறும் கார், யூக்கலிப்டஸ் மரங்களுக்கும் கங்காருக்களுக்கும் நடுவே கொஞ்ச நேரம் ஓடி, அடுத்த வட்டாரத்துக்குள் நுழையும். நான்கரை லட்சம் பேர் வாழும் ஊருக்குள் இப்படி ஒரு காடு குறுக்கிடுவது முதன்முறை போகிறவர்களுக்கு, ஊர் முடிந்துவிட்டதோ என்ற மயக்கத்தைத் தரும்.

இந்த ஊரை எப்படிப் பிரித்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கான்பராவைப் பிரித்தவர்கள் இரண்டு காரியங்களைச் செய்ய நினைத்தார்கள். எந்த நிலத்தில் கட்டவே கூடாது என்று முடிவு செய்வது ஒன்று. பிரித்த ஒவ்வொரு துண்டுக்குள்ளும் பிழைப்புக்கு வழி செய்வது மற்றொன்று. முதல் காரியம் பெரும்பாலும் நிறைவேறியது. இரண்டாவது பாதி வழியில் நின்றுபோனது. ஏன் நின்றது என்பதில்தான் நமக்கான பாடம் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

1901இல் ஆறு காலனிகள் சேர்ந்து ஆஸ்திரேலியா ஒரே நாடானபோது, தலைநகரம் எங்களுக்கே என்று சிட்னியும் மெல்போர்னும் முட்டிக்கொண்டன. சமரசம் அரசியல் சட்டத்தின் 125ஆம் பிரிவாக எழுதப்பட்டது. தலைநகரம் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குள் வரும். ஆனால் சிட்னியிலிருந்து குறைந்தது நூறு மைல் தள்ளி இருக்கும். அது தயாராகும்வரை நாடாளுமன்றம் மெல்போர்னில் கூடும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றுக்கு எழுதும் ஷரத்து மாதிரி இருக்கிறது, இல்லையா?

1908இல் யாஸ்–கான்பரா பகுதி தேர்வானது. நுன்னவால் பழங்குடி மக்களின் பூமி. பிறகு வெள்ளையர்களின் ஆட்டுப் பண்ணைகளாக மாறியிருந்த புல்வெளி. சார்லஸ் ஸ்கிரிவனர் என்ற நில அளவையாளர் மேடுபள்ளங்களை அளந்து வரைந்த சமவுயரக் கோட்டு வரைபடம், தலைநகரத்தை வடிவமைக்கும் போட்டியில் கலந்துகொள்பவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. 25 ஆயிரம் பேருக்கு ஓர் ஊர் வேண்டும் என்பது போட்டியின் நிபந்தனை. வந்த 137 திட்டங்களில் 1912இல் வென்றது சிகாகோவின் வால்டர் பர்லி கிரிஃபின் அனுப்பிய திட்டம். நடுவர்களைக் கட்டிப்போட்ட அந்த வண்ண வரைபடங்களைத் தீட்டியவர் அவருடைய மனைவி மேரியன் மஹோனி. அவரும் கட்டடக்கலைஞரே. திட்டத்தில் அவருடைய பங்கு எவ்வளவு என்பது நெடுங்காலம் உரக்கப் பேசப்படவே இல்லை.

கிரிஃபின் ஊரைப் பிரித்த விதம் அழகானது. எய்ன்ஸ்லி மலை உச்சியிலிருந்து தென்மேற்கு நோக்கி ஒரு நேர்கோடு இழுத்தார். அதற்குச் செங்குத்தாக, பிளாக் மலையிலிருந்து, தான் வரைந்த ஏரியின் வழியாக இன்னொரு கோடு. இரண்டையும் சுற்றி ஒரு பெரிய முக்கோணம். தெற்கு முனையில் ஆட்சி. வடமேற்கு முனையில் குடிமக்களின் அலுவல்கள். வடகிழக்கு முனையில் சந்தை. முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் மூன்று பெருஞ்சாலைகள். ஒவ்வொரு முனைக்கும் ஒரு குணம், ஒரு வேலை. நடுவில் நீர். அமெரிக்காவை விட்டு வெளியே வராமல், பார்த்தறியாத நிலத்துக்கு வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்று அந்த முக்கோணத்தைப் போய்ப் பார்த்தால், இரண்டு முனைகள் அவர் சொன்னபடி இருக்கின்றன. மூன்றாவதான சந்தை முனையில் பாதுகாப்புத் துறையின் தலைமையகம் உட்கார்ந்திருக்கிறது. ரஸ்ஸல் என்பது அந்த இடத்தின் பெயர். காய்கறியும் கம்பளியும் விற்க வேண்டிய இடத்தில் சீருடையும் அடையாள அட்டையும். திட்டமிட்ட ஊர்களில் இது சகஜம்தான். இருந்தாலும் மக்கள் கூடும் சந்தையை எடுத்துவிட்டு, மக்கள் நுழையவே முடியாத ஓர் அலுவலகத்தை வைத்தது மன்னிக்க முடியாத மாற்றம் என்பது என் தனிப்பட்ட எண்ணம்.

கிரிஃபின் அதிகாரிகளோடு மல்லுக்கட்டிவிட்டு 1920இல் விலகினார். பின்னாளில் லக்னோ பல்கலைக்கழக நூலகத்தை வடிவமைக்க இந்தியா வந்தார். 1937இல் அங்கேயே ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் காலமானார். கான்பராவை வரைந்தவரின் கல்லறை நம் நாட்டில் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது என்பதால் சொன்னேன். நம் பேச்சுக்கு அவசியமில்லைதான்.

கிரிஃபின் விலகிய பிறகு வந்த ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1927 மே மாதம் நாடாளுமன்றம் கான்பராவுக்கு வந்தது. பொருளாதார மந்தம், உலகப்போர், பணமின்மை எல்லாம் சேர்ந்து ஊர் வளரவில்லை. கிரிஃபினின் ஏரி காகிதத்திலேயே இருந்தது. 1955இல் செனட் குழு ஒன்று இந்த அவலத்தை விசாரித்து அறிக்கை கொடுத்தது. பிரதமர் மென்சீஸ் மனம் வைத்தார். 1957இல் சட்டம் இயற்றி, தேசியத் தலைநகர வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. ஜான் ஓவரால் அதன் முதல் ஆணையர். ஏரிக்கு அணை கட்டி, 1964இல் திறந்து, வடிவமைத்தவரின் பெயரையே வைத்தார்கள். அணைக்கு ஸ்கிரிவனரின் பெயர். அதிகாரிகள் செய்த பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான பிரிவினை இங்கேதான் தொடங்குகிறது.

ஆணையம் பொறுப்பேற்றபோது ஊரின் மக்கள்தொகை நாற்பதாயிரத்தைத் தொட்டிருக்கவில்லை. ஆனால் மெல்போர்னிலிருந்து துறை துறையாக ஊழியர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கிரிஃபின் வரைந்த பள்ளத்தாக்கு சீக்கிரமே நிறைந்துவிடும் என்பது கண்கூடு. இரண்டு வழிகள் இருந்தன. இருக்கும் ஊரையே சுற்றிச்சுற்றிப் பெரிதாக்கிக்கொண்டு போகலாம். எல்லா ஊர்களும் அப்படித்தான் வளர்கின்றன. நம் சென்னையும் அப்படித்தான் தாம்பரத்தையும் ஆவடியையும் விழுங்கியது. அல்லது இந்த ஊரை இத்துடன் நிறுத்திவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் புதிதாக ஓர் ஊரைத் தொடங்கலாம். ஆணையம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது.

1960களின் தொடக்கத்தில் தெற்கே வோடன் பள்ளத்தாக்கில் முதல் வீடுகள் எழுந்தன. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வடமேற்கே பெல்கானன். கூடவே வோடனுக்கு மேற்கே வெஸ்டன் கிரீக். 1970களில் இன்னும் தெற்கே டகரனாங். 1990களில் வடக்கே கங்காலின். 2010 வாக்கில் மேற்கே மொலாங்லோ. இவை ஒவ்வொன்றும் தனித்தனி நகரமாக இருக்க வேண்டும் என்பது கொள்கை. போக்குவரத்தை ஆராய ஆலன் வூரிஸ் என்ற அமெரிக்க நிபுணரின் நிறுவனத்தை அமர்த்தினார்கள். பல வடிவங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்து, நகரங்களை ஆங்கில 'ஒய்' எழுத்தின் மூன்று கைகளில் கோத்தார்கள். ஒரு கை பெல்கானனுக்கு, ஒரு கை கங்காலினுக்கு, காம்பு தெற்கே டகரனாங்குக்கு. கைகளின் நடுவே பொதுப் போக்குவரத்து. ஓரங்களில் வேகச் சாலைகள். மலைகளும் மேடுகளும் வெறுமையாகவே இருக்கும். 1970இல் வெளியான 'நாளைய கான்பரா' என்ற நூலில் இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

இப்போது இந்த மலைகளைப் பற்றி. கிரிஃபின் மலைகளைத் தன் கோடுகள் போய் முட்டும் இலக்காக வைத்தார். ஆணையம் அதே மலைகளை வட்டாரங்களுக்கு நடுவே மதில்களாக்கியது. உச்சியிலும் சரிவிலும் வீடு கூடாது என்று விதித்ததால், எந்த வட்டாரத்தில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் வீட்டுக் கூரைகளுக்கு மேலே பச்சை தெரியும். மலையடிவாரத்து நிலம் எந்த ஊரிலும் விலை அதிகம். அதை விற்காமல் அறுபது எழுபது ஆண்டுகள் ஓர் அரசு பிடிவாதமாக வைத்திருந்திருக்கிறது. எப்படி முடிந்தது? இந்தக் கேள்வியை நகரமைப்பு மாணவர்கள் அவசியம் கேட்க வேண்டும்.

விடை, நிலம் யாருடையது என்பதில் இருக்கிறது. கான்பராவில் வீட்டுமனை யாருக்கும் முழுச் சொந்தமில்லை. நிலம் அரசுடையது, குடிமக்கள் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். தலைநகர நிலத்தில் யாரும் சூதாடக் கூடாது, ஊர் வளர்வதால் ஏறும் மதிப்பு ஊருக்கே சேர வேண்டும் என்பது தொடக்ககாலத் தலைவர்களின் உறுதி. ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கப் பொருளாதாரச் சிந்தனையாளரின் செல்வாக்கு அவர்களில் பலருக்கு இருந்தது. 1924 டிசம்பரில் முதல் குத்தகை ஏலம் நடந்தது. மனையின் வெற்று மதிப்பில் ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வாடகை. பண்ணைக்காரர்களிடமிருந்து நிலத்தை அரசு முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிட்டதால், 'இங்கே ஒரு நகரம் வரப்போகிறது' என்று மோப்பம் பிடித்து நிலத்தை வளைத்துப்போட எவருக்கும் இடமில்லை. ஆணையம் நினைத்த இடத்தில் வட்டாரத்தைத் தொடங்கியது, நினைத்த இடத்தில் நிறுத்தியது.

1970இல் பிரதமர் கார்ட்டனின் அரசு அந்த ஆண்டு வாடகையைக் கைவிட்டது. பெயருக்குக் குத்தகை, நடைமுறையில் சொந்த மனை என்றானது. ஓட்டுக்காகச் செய்த காரியம் என்று சொன்னவர்கள் உண்டு. ஏறும் நில மதிப்பில் ஊருக்கு ஆண்டுதோறும் வரவேண்டிய வருமானம் அன்றோடு போயிற்று. குத்தகை முறையின் எலும்புக்கூடு மட்டும் மிஞ்சியது. ஆனால் அந்த எலும்புக்கூடே மலைகளைக் காப்பாற்றப் போதுமானதாக இருந்தது.

இனி ஒரு வட்டாரத்துக்குள் நுழைவோம். வட்டாரத்துக்குக் கீழே 'சபர்ப்'. நான் அதைப் பேட்டை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு 'டிவிஷன்' என்று பெயர். அதற்குக் கீழே 'செக்‌ஷன்', கடைசியில் 'பிளாக்'. ஒரு மனையில் மாடி எடுக்க விண்ணப்பித்தால், அறிவிப்புப் பலகையில் தெருப் பெயரோடு இந்த எண்களும் இருக்கும். தபால்காரருக்குத் தெரு போதும். அரசுக்கு இந்த எண்தான் ஜாதகம்.

தெருப் பெயர்களிலும் ஒழுங்கு உண்டு. ஒரு பேட்டைக்கு ஒரு பொருள். ஜிராலாங் பேட்டையில் தெருக்களெல்லாம் நட்சத்திரங்கள். பக்கத்துக் கலீனில் ஆறுகள். மெல்பாவில் இசைக்கலைஞர்கள், ஃப்ளோரியில் விஞ்ஞானிகள். பேட்டைகளில் பல, காலஞ்சென்ற பிரதமர்களின் பெயர் தாங்கியவை: பார்ட்டன், டீக்கின், கர்ட்டின், சிஃப்லி. கஃப் விட்லம் 2014இல் மறைந்தார். மொலாங்லோவில் இப்போது விட்லம் என்று ஒரு பேட்டை இருக்கிறது. வழி கேட்கும்போது தெருப் பெயரைச் சொன்னாலே எந்தப் பேட்டை என்று ஊர்க்காரர்கள் ஊகித்துவிடுவார்கள்.

1960, 70களில் எழுந்த ஒரு பேட்டையின் அமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். சுமார் நாலாயிரம் பேர் என்பது கணக்கு. நடுவில் ஒரு தொடக்கப் பள்ளி. பள்ளியை ஒட்டி விளையாட்டுத் திடல். திடலுக்குப் பக்கத்தில் ஏழெட்டுக் கடைகள்: மளிகை, மருந்துக்கடை, முடிதிருத்தகம், வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் விற்கும் கடை, ஒரு தபால்பெட்டி. வேகச் சாலை பேட்டையின் ஓரத்தோடு போய்விடும், உள்ளே வராது. சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் பிள்ளைகளுக்காகத் தரைக்கடியில் ஒரு நடைபாதை. ஆறு வயதுக் குழந்தை வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு காரையும் குறுக்கே சந்திக்காமல் நடந்து போகலாம் என்பது இதன் உள்நோக்கம். வீட்டுக்கு முன்னால் மதில் கட்டத் தடை. வேண்டுமானால் செடி வேலி வளர்த்துக்கொள்ளலாம். புதுமனை புகுபவர்களுக்கு யாரலம்லா நாற்றங்காலில் இலவசமாகச் செடி கொடுத்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் தன் கையால் நட்ட மரங்களும் இன்று ஊரெங்கும் நிழல் தருகின்றன. நான் திட்டமிடுபவர்களைப் பற்றிக் கடுமையாகப் பேசும் வழக்கமுள்ளவன். இந்தச் செடிக்காக அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

நாலைந்து பேட்டைகளுக்குப் பொதுவாக ஒரு கடைத்தொகுதி, அங்கே பெரிய சூப்பர் மார்க்கெட். வட்டாரத்துக்கு ஒரு நகர மையம். அங்கே பேரங்காடி, நூலகம், கல்லூரி, பேருந்து நிலையம், அரசு அலுவலகம். எல்லாவற்றுக்கும் மேலே 'சிவிக்' எனப்படும் தலைநகர மையம். படிப்படியாக அடுக்கிய ஏணி. பால் வாங்கப் பேட்டைக்குள், வாரச் சாமானுக்குக் கடைத்தொகுதிக்கு, சட்டை துணிக்கு வட்டார மையத்துக்கு.

இந்த ஏணியின் கீழ்ப் படிதான் முதலில் உடைந்தது. கார் வைத்திருப்பவர் பேட்டைக் கடையைத் தாண்டி நேராகச் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார். மளிகை மூடியது, மருந்துக்கடை போனது. பேட்டை ஒரே காலத்தில் கட்டப்பட்டதால் குடியேறியவர்களும் ஏறக்குறைய ஒரே வயதினர், அவர்களின் பிள்ளைகள் ஒரே காலத்தில் படித்து முடித்தார்கள், பள்ளி காலியானது. 2006இல் உள்ளூர் அரசு இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூட முடிவெடுத்தபோது எழுந்த கொந்தளிப்பு சாதாரணமானதல்ல. நடுவில் இருந்த பள்ளியை எடுத்துவிட்டால், அதைச் சுற்றி வரைந்த பேட்டைக்கு என்ன பொருள்?

இதைவிடப் பெரிய விஷயம் வேலை. ஆணையத்தின் மூலக் கணக்கே வேலையை நம்பித்தான் இருந்தது. ஒரு வட்டாரத்தில் வாழ்பவர்களில் கணிசமானவர்கள் அங்கேயே வேலை செய்தால்தான் அது தனி நகரம். இல்லாவிட்டால், மலைக்குப் பின்னால் இருக்கும் தூங்கும் அறை. கான்பராவில் வேலை என்றால் பெரும்பாலும் அரசு வேலை. அரசு அலுவலகத்தை எங்கே வைப்பது என்பதில் ஆணையத்தின் சொல்லுக்கு எடை இருந்தது. எனவே வோடனுக்குச் சுகாதாரத் துறை போனது. பெல்கானனுக்குப் புள்ளியியல் துறை போனது. அதற்காக ஜான் ஆண்ட்ரூஸ் வடிவமைத்த கேமரன் அலுவலகங்கள் என்ற நீண்ட கான்கிரீட் தொகுதி 1976இல் முடிந்தது. கடைகளும் வீடுகளும் முழுமையாக எழுவதற்கு முன்னரே, ஆடு மேய்ந்த வெளியில் அத்தனை பெரிய அலுவலகம். எதிர்காலத்தை அவ்வளவு நம்பியவர்கள் அவர்கள். அந்தத் தொகுதியின் பெரும்பகுதி பிற்பாடு இடிக்கப்பட்டது வேறு கதை.

டகரனாங்கில் ஒரு வேடிக்கை நடந்தது. மரம்பிஜி ஆற்றின் இரு கரைகளிலும் வட்டாரம் வளரும் என்று எண்ணி, நடுவில் வரும்படி நகர மையத்துக்கு இடம் குறித்தார்கள். பிறகு ஆற்றின் தூய்மையையும் சூழலையும் கருதி மேற்குக் கரையைக் கைவிட்டார்கள். மையம் மட்டும் குறித்த இடத்திலேயே எழுந்தது. இன்று அது வட்டாரத்தின் மேற்கு விளிம்பில் இருக்கிறது. கிழக்கு மூலையில் குடியிருப்பவர் மையத்துக்குப் போவதும் அடுத்த வட்டாரத்துக்குப் போவதும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனாலும் சமூகப் பாதுகாப்புத் துறையின் அலுவலகம் அங்கே வந்ததால் அந்த மையம் பிழைத்துக்கொண்டது. ஓர் அலுவலகம் ஒரு மையத்தை எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வேண்டுமானால், அங்கே மதிய வேளையில் சாப்பாட்டுக் கடைகளைப் பார்த்தால் போதும்.

பிறகு வந்தது 1989. ஆணையம் கலைக்கப்பட்டது. கான்பராவுக்குத் தன்னாட்சி கிடைத்தது. கிடைத்தது என்பதைவிடத் தலையில் கட்டப்பட்டது என்பது பொருத்தம். 1978இல் மக்களிடம் கேட்டபோது அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள், இப்போதுள்ளபடியே இருக்கட்டும் என்றார்கள். முதல் தேர்தலில் தன்னாட்சியே வேண்டாம் என்ற கட்சிகள் சட்டமன்ற இடங்களை வென்றன. வாக்கு எண்ணி முடிக்கவே இரண்டு மாதம் ஆனது.

அன்றுமுதல் நிலம் இரண்டு வகை. நாட்டுக்கு முக்கியமான நிலத்தின் திட்டம் மத்திய அரசின் தலைநகர அமைப்பின் கையில். மீதி உள்ளூர் அரசின் கையில். வட்டாரத்தை வரைவது ஒருவர், வட்டாரத்துக்கு அலுவலகத்தை அனுப்புவது வேறொருவர் என்றானது. மத்தியத் துறைகள், எங்கே வாடகை தோதாக இருக்கிறதோ அங்கே போகலாம் என்று தாங்களே முடிவு செய்யத் தொடங்கின.

கங்காலின் இந்தக் காலத்துப் பிள்ளை. எண்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் வாழும் வட்டாரம். மையம் இருக்கிறது, கடைகள் இருக்கின்றன, பள்ளிகள் நிறைந்து வழிகின்றன. ஆனால் வோடனுக்கும் பெல்கானனுக்கும் போனதைப் போல ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் பெரிய மத்தியத் துறை எதுவும் அங்கே குடியேறவில்லை. காலையில் எல்லோரும் தெற்கே போக வேண்டும். அந்த நெரிசலைச் சமாளிக்கத்தான் 2019 ஏப்ரலில் கங்காலினுக்கும் நகர மையத்துக்கும் இடையே 12 கிலோமீட்டர் டிராம் பாதை திறக்கப்பட்டது. நல்ல டிராம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 'ஒய்' திட்டத்தின் கணக்குப்படி, காலையில் அந்தப் பாதையில் இரு திசையிலும் கூட்டம் இருந்திருக்க வேண்டும்.

அலுவலகங்கள் எங்கே போயின? ஒரு பகுதி விமான நிலையத்துக்கு. 1998இல் கான்பரா விமான நிலையம் நீண்டகாலக் குத்தகைக்குத் தனியாரிடம் கொடுக்கப்பட்டது. அந்த நிலம் மத்திய அரசின் விமான நிலையச் சட்டத்தின் கீழ் வருவதால் உள்ளூர் வட்டாரத் திட்டம் அங்கே செல்லாது. ஓடுபாதைக்குப் பக்கத்தில் அலுவலக வளாகம் எழுந்தது, கடைகள் வந்தன, அரசுத் துறைகளே வாடகைக்கு வந்தன. திட்டத்தில் இல்லாத ஒரு வட்டார மையம், திட்டத்துக்குள் இருந்த மையங்களோடு போட்டிபோட்டது. குடிவரவுத் துறையைப் பெல்கானனிலிருந்து பெயர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு சில ஆண்டுகளுக்கு முன் எழுந்தபோது, பெல்கானன் வியாபாரிகள் ஏன் அப்படிப் பதறினார்கள் என்று இப்போது புரிந்திருக்கும். கடைசியில் துறையின் பெரும்பகுதியை அங்கேயே நிறுத்திவைத்தார்கள்.

பதறியவர்களுக்குப் பேச ஒரு மன்றம் இருந்ததா என்றால், அதுவும் விசித்திரம். கான்பராவின் வட்டாரங்களுக்கு நகராட்சி கிடையாது, கவுன்சிலர் கிடையாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் பெல்கானனுக்குத் தனியாக ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. 25 உறுப்பினர் கொண்ட ஒரே சட்டமன்றம்தான் மாநில அரசும் மாநகராட்சியும். குப்பை எடுக்கவில்லையென்றால் அமைச்சரிடம்தான் முறையிட வேண்டும். வட்டாரந்தோறும் சமூக மன்றங்கள் உண்டு. அவை தன்னார்வ அமைப்புகள், கருத்துச் சொல்லலாம், ஆணையிட முடியாது. தொகுதிகளாவது வட்டாரங்களோடு ஒத்துப்போகின்றனவா? 2016 தேர்தலுக்காக ஐந்து தொகுதிகள் வரைந்தபோது, டகரனாங்கின் காம்பா பேட்டையை மட்டும் வோடனோடு சேர்த்து மரம்பிஜி தொகுதியில் போட்டார்கள். எண்ணிக்கையைச் சமன்செய்ய வேண்டுமே. மலை ஒரு பக்கம் பிரிக்கிறது, ஓட்டு இன்னொரு பக்கம் சேர்க்கிறது.

மலைகளை விட்டுவைத்ததற்கு ஒரு விலையும் உண்டு. 2003 ஜனவரி 18 அன்று மேற்கே எரிந்துகொண்டிருந்த காட்டுத்தீ ஸ்ட்ரோம்லோவின் பைன் தோட்டங்கள் வழியாக ஊருக்குள் புகுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 500 வீடுகள் சாம்பலாயின. பெருஞ்சேதம் வெஸ்டன் கிரீக்கின் விளிம்பில் இருந்த டஃபி, சாப்மன் பேட்டைகளுக்கு. மரத்தோப்பு வரை வீடு கட்டியிருந்த தெருக்களில் ஒரு வரிசை முழுவதும் போனது. எரிந்த பைன் தோட்டங்களை மறுபடி நடாமல் விட்ட நிலத்தில்தான் மொலாங்லோ வட்டாரம் இப்போது எழுந்துகொண்டிருக்கிறது. பச்சை வெளிக்கும் வீட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை அங்கே புதிதாகக் கணக்கிடுகிறார்கள். வெஸ்டன் கிரீக்குக்கும் மொலாங்லோவுக்கும் பொதுவாகச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. வெஸ்டன் கிரீக் சிறியது என்பதால் அதற்குச் சொந்த நகர மையமே கொடுக்கவில்லை. கூல்மன் கோர்ட் என்ற கடைத்தொகுதியோடு நிறுத்திக்கொண்டு, மீதிக்கு வோடனுக்குப் போங்கள் என்றார்கள். மொலாங்லோ மக்கள் தங்கள் மையம் எழும்வரை அதே கூல்மன் கோர்ட்டில் வந்து வண்டி நிறுத்த இடம் தேடுகிறார்கள்.

2023இல் உள்ளூர் அரசு திட்டச் சட்டத்தையே மாற்றி எழுதி, ஊரை ஒன்பது வட்டாரங்களாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வளர்ச்சி வழிமுறையை வெளியிட்டது. பழைய வட்டாரங்கள் அப்படியே இருக்கின்றன. கிரிஃபினின் பள்ளத்தாக்கு மட்டும் ஏரியின் வடகரை, தென்கரை என இரண்டானது. புதிய வீடுகளில் பெரும்பகுதி இனி இருக்கும் வட்டாரங்களுக்குள்ளேயே, மையங்களையும் டிராம் பாதையையும் ஒட்டி எழ வேண்டும் என்பது அரசின் எண்ணம். மாடி உயர்கிறது. மலை மீது கை வைக்காமல் இன்னும் மக்களைச் சேர்க்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்; மதில் இல்லாத முன்தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது கசப்பாக இருக்கிறது என்பதும் உண்மை.

அந்த ஒன்பதில் எனக்குச் சுவையாகப் படுவது 'கிழக்குக் கான்பரா'. ஃபிஷ்விக்கின் பட்டறைகளும் கிடங்குகளும், ஹியூமின் தொழிற்கூடங்களும், விமான நிலையமும் அங்கே வருகின்றன. குடியிருப்பவர்கள் சொற்பம். ஓக்ஸ் எஸ்டேட் போன்ற ஓரிரு சிறு குடியிருப்புகள், அவ்வளவுதான். வடக்கே கங்காலினில் வீடுகள் இருக்கின்றன, வேலை போதவில்லை. கிழக்கே வேலை இருக்கிறது, வீடுகள் இல்லை. இரண்டு பக்கத்தையும் சேர்க்க மஜூரா பள்ளத்தாக்கின் வழியே 2016இல் ஒரு வேகச் சாலை போட்டார்கள். வட்டாரத்துக்குள்ளேயே பிழைப்பு என்று கணக்குப் போட்டுக் கொடுத்த ஓர் ஊரில், அந்தச் சாலைக்கு எதற்கு இவ்வளவு தேவை வந்தது என்று யாராவது ஒரு மாணவர் ஆய்வு செய்தால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.